முகம் காட்டாத படம்

கிளிநொச்சிச் சந்தையருகே கூடாரமடித்திருந்த படக்கொட்டகையில், திரைக்குப் பின்னால் இருந்து படம் பார்த்தவர்கள் மாத்திரம் விசிலடிக்கவில்லை.

அது மலிவான இடம். துணித்திரையின் மறுபுறம் மண்ணில் பாய் விரித்து அமர்வார்கள். எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரியும். படம் ஊடுருவித் தெரியவேண்டுமென்று மாலைதோறும் திரைக்கு நீர் தெளிப்பார்கள். முன்பக்க மரவாங்கில் கணவர் இளையதம்பியோடு அமர்ந்திருந்த இராசமலருக்கு அந்த ஈரத்துணியின் வாடையும், வெளியே மின்சார இயந்திரம் உறுமும் ஓசையும், மண்ணெண்ணெய்ப் புகையும் ஒன்றாகக் கலந்து, எவருக்கோ நிகழ்பவை போல் எட்டி நின்றன.

படத்தில், வாய்க்காலில் மூழ்கிய சிறுமியின் ஆவி கடைசிவரை முதுகு காட்டியே நின்றது. முகத்தைக் காட்டத் துணியாத கோழைப் படம் என்று யாழ்ப்பாணப் பத்திரிகையின் விமர்சகர் எழுதியிருந்தார். கொழும்பு வார இதழொன்று அதையே கலையென்று மெச்சியிருந்தது. முன்பக்கத்து மக்கள் யாழ்ப்பாண விமர்சகரின் கட்சி.

“டேய், முகத்தைக் காட்டு! முதுகு பாக்கவோ தர்மபுரத்திலயிருந்து சைக்கிள் உழக்கி வந்தனாங்கள்?”

சிரிப்பெழுந்தது. இராசமலர் சிரிக்கவில்லை. அயல்வீட்டுப் பத்மாசனி காலையில் கிணற்றடியில் சொன்னதற்காகவே அவர் வந்திருந்தார்.

“பின்னால இருந்தா முகம் தெரியுதக்கா. உங்கட இலட்சுமியின்ர முகம்.”

சென்ற மாரியில் மகள் இலட்சுமி வாய்க்காலில் விழுந்தாள். இளையதம்பிதான் அவளைக் கண்டெடுத்தார். முகத்தை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றே புதைத்தார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தாய்க்குக் கடைசி முகம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை.

இராசமலர் எழுந்தார்.

“எங்கை போறீர்?”

“பின்னால.”

“வேண்டாம். இஞ்சை இரும்.”

அவர் இருக்கவில்லை.

பின்புறத்தில் ஒருவரும் பேசவில்லை. பத்மாசனி பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார். இங்கே ஈரவாடை வேறாக இருந்தது. சேறு. பாசி.

சிறுமி திரையில் வந்தாள். முன்பக்கத்தில் ஊளையிட்டார்கள். இங்கே அவள் நேரே நோக்கி நின்றாள்.

இலட்சுமிதான். மூக்கடியில் சேறு. பாதி திறந்த கண்கள். உதடுகள் அசைந்தன. ஓசையில்லை.

இராசமலர் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஒன்றும் நேரவில்லை.

ஆட்களை விலக்கிக்கொண்டு இளையதம்பி ஓடிவந்தார். தோளிலிருந்த சால்வையை உருவி, திரையில் தெரிந்த அந்த முகத்தின்மேல் இரு கைகளாலும் அழுத்தினார்.

“பாக்காதையும், இராசம். அண்டைக்கும் இப்பிடித்தான் மூடினனான். நீர் தாங்கமாட்டீர் எண்டுதான்.”

“மூடின நேரம் அவள் மூச்சு விட்டவளோ?”

அவர் சால்வையை இன்னும் இறுக்கி அழுத்தினார்.

படம் முடிந்தது. இயந்திரம் நின்றது. யாரோ அரிக்கன் விளக்கை உயர்த்தினார்கள். திரை வெறும் துணியாகத் தொங்கியது.

இளையதம்பி கைகளை எடுத்தார்.

சால்வை விழவில்லை.

வாயிருக்கும் இடத்தில் அது உள்ளே குழிந்தது. புடைத்தது.

மறுபடியும் குழிந்தது.