இன்னொருவர் படுத்தால் விடியும்

செத்த மனுஷனைத் திட்டக்கூடாதாம். நான் திட்டிக்கொண்டேதான் படியேறினேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். யாராவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இவருடைய போன் அலறும். ஊரார் லிஃப்டையெல்லாம் சரிசெய்தவர், வீட்டில் ஒரு துணிக்கொடி கட்டித் தரச் சொன்னால் "நாளைக்கு" என்பார். அந்த நாளை வரவே இல்லை. வேலை முடிந்ததும் டிவியில் ஒரு தீவு வீடியோ விளையாட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். ஆளில்லாத தீவில் மரம் வெட்டி, மீன் பிடித்துப் பிழைத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. "அதுவா நானா" என்று ஒருநாள் கேட்டேன். டிவியைத் தூக்கிக்கொண்டு இந்த மாடி அறைக்கு வாடகைக்கு வந்துவிட்டார். போன மாதம் அந்த டிவி முன்னாலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி, மூச்சு நின்றுபோயிற்று.

அறையைக் காலிசெய்ய நானும் ஆறாவது படிக்கும் என் மகளும் வந்திருந்தோம். சாவி கொடுத்த வீட்டுக்காரம்மா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதம்மா. அந்த டிவிய ரெண்டு மூணு தடவ அணைச்சுட்டேன். மறுபடி வந்து பார்த்தா எரியுது."

"ஒயர் பழசா இருக்கும்," என்றேன். எனக்கிருந்த கோபத்தில் பயத்துக்கு இடமில்லை.

கதவைத் திறந்ததும் உப்பு வாடை. ஈர மரமும் பாசியும் கலந்த வாடை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். வெளியே உச்சி வெயில் அடிக்க, கனத்த திரைச்சீலைகளுக்குப் பின்னால் அறை இருண்டு கிடந்தது. டிவி எரிந்துகொண்டிருந்தது. அதிலும் இரவு. கறுத்த கடற்கரை, அலைச் சத்தம், ஒரு மரவீடு.

என்ன வீடு! தூண் நேராக, ஜன்னல் சதுரமாக. வாசலில் திரித்த நாரில் ஒரு துணிக்கொடி, கொஞ்சம்கூடத் தொய்வில்லாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க மட்டும் கட்ட வருதாக்கும்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

மகள் நாற்காலியில் ஏறி, பழகிய கையோடு கன்ட்ரோலரை எடுத்தாள். விடுமுறை நாட்களில் இங்கே வந்து அப்பாவோடு ஆடியிருக்கிறாள்.

"இதுல என்னடி இருக்கு? எப்ப ஜெயிப்பீங்க?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்லம்மா. இது முடியவே முடியாது. நம்ம பாட்டுக்கு இருக்கலாம். 'இங்க யாருக்கும் என் நம்பர் தெரியாது குட்டி'ன்னு அப்பா சொல்வார்."

மரவீட்டுக்குள் இரண்டு படுக்கைகள். சின்னது காலி. பெரியதில் ஒருவர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

"அது யாரு?"

"அப்பா."

திரையின் அடியில் எழுத்து தெரிந்தது. ஒருவர் உறங்குகிறார். இன்னொருவர் படுத்தால் விடியும்.

"ரெண்டு பேரும் படுத்தாத்தாம்மா விடியும். அதான் ரூல். அப்பா ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்கார்." அவள் குரல் குழைந்தது. கண் சொருகியது. "நான் போய்ப் படுத்துக்கறேன்."

அவள் பாதத்தைப் பார்த்தேன்.

ஈர மணல்.

படுத்திருந்த உருவத்தின் முதுகு மெதுவாக ஏறி இறங்கியது. மகளின் மூச்சும் அதோடு சேர்ந்தே ஏறி இறங்கியது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

"உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது அவ ஸ்கூலுக்கு வந்தீங்களா? இப்ப மட்டும் பிள்ள வேணுமா? கொன்னுடுவேன்!" செத்தவரிடம் சொல்கிறோம் என்றுகூட உறைக்கவில்லை.

கன்ட்ரோலரைப் பறித்துக் கண்டபடி அழுத்தினேன். திரையில் மகளின் பொம்மை கோடரியை ஓங்கியது. சின்னப் படுக்கையை வெட்டினேன். பலகை பிளந்தது. தூளாகும்வரை வெட்டினேன்.

உண்மையைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நான் துவைத்து அனுப்பும் போர்வை மறுநாளே அழுக்காகித் திரும்பி வரும். இங்கே செய்தது செய்தபடி நின்றது. யாரும் கூப்பிடவில்லை. அந்த மனுஷன் ஏன் வீடு திரும்பவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் ஆத்திரம் இன்னும் கூடியது. எனக்கு மட்டும் களைப்பு இல்லையா? நானும் ஓடிப்போயிருந்தால் பிள்ளைக்கு யார் சோறு போட்டிருப்பார்கள்?

படுத்திருந்த உருவம் எழுந்து உட்கார்ந்தது.

என் பக்கம் திரும்பவில்லை. படுக்கை இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனது.

திரை அணைந்தது.

"அம்மா, குளிருது," என்றாள் மகள். அவளை வாரியெடுத்துக்கொண்டு இறங்கினேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அங்கே பிள்ளைக்குப் படுக்கை இல்லையென்றால் அவர் எங்கே வருவார் என்று யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பால்கனியில் துணிக்கொடி கட்டியிருந்தது. திரித்த நார். தொய்வில்லை. அதில் நீலச் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக நானே பொத்தான் போட்டு அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த சட்டை.

"இப்பதான் நேரம் கிடைச்சுதா!" என்று கத்திக்கொண்டே கத்தரியால் வெட்டி எறிந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். மகளின் கட்டிலை ஒட்டி, ஈர மரத்தில், பெரிய படுக்கை ஒன்று போட்டிருந்தது. கால்கள் நேராக, பலகை சதுரமாக, அவர் கைவேலையேதான். விரிப்பைத் தொட்டேன். சூடாக இருந்தது.

பள்ளி விட்டு வந்த மகள் பையை வாசலிலேயே போட்டாள்.

"அம்மா, தூக்கம் வருது."