கட்டிலைச் சுற்றி நடப்பவன்

யுத்தம் தொடங்கிய வருஷத்து ஐப்பசி மாதம். மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், டாக்டர் வேதசிரோமணியின் குதிரைவண்டி ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் வந்து சேர்ந்தது.

சௌந்தரபாண்டியனின் வீடு ஊருக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி தனியாக நின்ற பழைய காரைவீடு. வண்டியை விட்டு இறங்கிய டாக்டருக்கு உள்ளே போகக் கால் வரவில்லை.

காரணம் இருந்தது. போன வருஷம் இந்த வீட்டில் ராக்கப்பன் என்ற வாலிபனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. சௌந்தரபாண்டியனின் மனைவி அய்யம்மாளுக்கு ஒரே தம்பி அவன். டாக்டர்தான் கொய்னா மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் விட்ட சில நாளில், மாந்தோப்புக்கு மேலே வாய்க்கால் அடைப்பைப் பார்க்க மச்சான் சௌந்தரபாண்டியனோடு மலையேறியவன் பாறையிலிருந்து விழுந்து செத்தான். அன்று சாயந்திரமே சௌந்தரபாண்டியன் டாக்டரைத் தனியாகத் தேடி வந்தார்.

"ஒங்க மாத்திரைதான் டாக்டரய்யா. காது இரையுது, தலை சுத்துதுன்னான். அப்பிடியே சரிஞ்சிட்டான். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் வாயத் தொறக்க வேண்டாம்."

கொய்னா அளவு மீறினால் காது இரையும், தலை சுற்றும். டாக்டருக்கு அது தெரியும். ஆகவே நம்பினார். அதற்குப் பிறகு மாத்திரையை எண்ணி எண்ணிக் குறைத்தே கொடுத்தார். அப்படிக் குறைத்ததில் மகாராஜபுரத்தில் ஒரு கைப்பிள்ளைக்காரி காய்ச்சல் அடங்காமலே செத்துப்போனாள்.

"வாங்க டாக்டரய்யா," என்றாள் அய்யம்மாள். "மலைப்பக்கம் போயிட்டு வந்ததுலேருந்து அவியளுக்கு ஒரே கிறுகிறுப்பு. சுவத்தப் புடிக்காம ரெண்டு எட்டு வைக்க முடியல."

பட்டாசாலை என்ற பெரிய கூடத்தின் நடுவே கட்டில். அதன் மேல் சௌந்தரபாண்டியன், விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி படுத்திருந்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த அறைக்குள் ஓடைக்கல்லில் படிந்த பாசியின் வாடை வந்தது.

டாக்டர் வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா? காதில் சீழ் வந்ததா? வாந்தி? எழுந்திருக்கும்போது மட்டும் சுற்றுகிறதா, படுத்திருந்தாலுமா?

"படுத்தாலும் சுத்துது."

நாடி பார்த்தார். ரத்தம் வற்றியிருக்கிறதா என்று கீழிமையை இழுத்துப் பார்த்தார். காதுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். குறும்பி இல்லை, புண் இல்லை. இசைக்கவையைத் தட்டி வைத்தபோது இரண்டு காதும் நன்றாகவே கேட்டன.

"காதுக்குள்ள ரொம்ப ஆழத்துல, நம்மள நிதானமா நிக்க வைக்கிற ஒரு பகுதி இருக்கும்மா," என்று அய்யம்மாளிடம் சொன்னார். "அதுல கோளாறு வந்தா வீடே சுத்துற மாதிரி இருக்கும். அப்போ கண்ணு ஒரு பக்கமா வெட்டி வெட்டி இழுக்கும். அதப் பாத்துட்டா மருந்து சொல்லிரலாம்."

சௌந்தரபாண்டியனின் தலையைப் பிடித்து, கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டு, ஒரு பக்கமாகத் திருப்பினார். குனிந்து கண்களைப் பார்த்தார்.

கண்கள் வெட்டவில்லை.

அவை மெதுவாக நகர்ந்தன. தலைமாட்டிலிருந்து கட்டிலின் நீளத்துக்குப் போயின. கால்மாட்டில் சற்று நேரம் நின்றன. திரும்பி, மறுபக்கமாக வந்தன. டாக்டரின் முதுகுக்குப் பின்னால் வந்ததும் மறுபடி நின்றன.

டாக்டரின் பிடரியில் ஈரக்காற்று பட்டது.

சட்டென்று திரும்பினார். யாரும் இல்லை.

இது தலைசுற்றல் கொண்டவனின் கண் அல்ல. கட்டிலைச் சுற்றி நடக்கும் யாரையோ பார்த்துக்கொண்டிருப்பவனின் கண்.

"இப்பிடித்தான் டாக்டரய்யா," அய்யம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "பூரா நாளும் இப்பிடியேதான் பாக்காக."

"கட்டில மூலையில போடுவோம்," என்றார் டாக்டர். "விழாம இருப்பாரு."

இருவருமாகத் தள்ளி, இரண்டு சுவர்களோடு ஒட்டிப் போட்டார்கள். இனி யாரும் சுற்றி வர முடியாது.

கண்கள் கால்மாட்டுக்குப் போயின. சுவருக்குள் போயின. சுவருக்குள்ளேயே நடந்து, தலைமாட்டில் வெளியே வந்தன.

கட்டில் விளிம்பை விட்டுவிட்டு அய்யம்மாளின் கையைப் பற்றிக்கொண்டார் சௌந்தரபாண்டியன். "ஏட்டி, விட்டுராத. கையை விட்டுராத."

டாக்டர் தன் வழக்கமான கேள்விகளுக்கே திரும்பினார். கேட்க ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது.

"இவரு கொய்னா எதுவும் சாப்பிட்டாராம்மா?"

"அத இந்த வீட்டுல ஆரு தொடுவா? எந்தம்பிக்கு நீங்க குடுத்தீகளே, அதையே அவன் ஒண்ணுகூட முழுங்கல. கசக்குதுன்னு அம்புட்டையும் கழனித்தொட்டியில போட்டுட்டான். காய்ச்சல் தானா எறங்குச்சு."

டாக்டர் அவளையே பார்த்தார்.

"ஒண்ணுகூட முழுங்கலையா? அப்போ பாறையில அவனுக்கு எப்பிடித் தலை சுத்துச்சு?"

"தலை சுத்துச்சா? அப்பிடி ஆரு சொன்னா? பாசி வழுக்கி விழுந்துட்டான்னு அவிய சொன்னாக. ரொம்பத் தள்ளி நின்னேன், எட்டிப் புடிக்க முடியலன்னாக."

"எங்கிட்ட, மாத்திரையாலதான் தலை சுத்துச்சுன்னாரு."

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

சௌந்தரபாண்டியன் அவர்களைப் பார்க்கவில்லை. அவர் பார்வை இருவருக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் நின்றிருந்தது.

"சொல்லிட்டேன்னு வையி, நீ போயிருவியால?" என்று அந்த வெற்றிடத்திடம் கேட்டார்.

பட்டாசாலையின் சுண்ணாம்புத் தரையில், ஈரக்கால் வைத்ததுபோல் ஒரு சத்தம்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கு. அது இவனுக்குத் தெரிஞ்சு போச்சு. அக்காகிட்டச் சொல்லிருவேன்னான். மேல பாறையில கால் வழுக்குனது நெசம். மச்சான், கையப் புடிங்கன்னான். புடிச்சேன்." மூச்சு வாங்கியது. "புடிச்சிட்டு, விட்டேன்."

அய்யம்மாள் அழவில்லை. தன் விரல்களை அவர் பிடியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"தாயில்லாப் பிள்ளைய எந்தோள்ல போட்டு வளத்தேன். அவன் செத்த வீட்டுல, அழாத அழாதன்னு எனக்குத் தண்ணி குடுத்தது இந்தக் கை."

"ஏட்டி, சுத்துதுடி. கையக் குடு."

அவள் வாசல் பக்கம் நடந்தாள்.

டாக்டரின் கண்ணுக்குள் மகாராஜபுரத்துப் பெண்ணின் முகம் வந்து நின்றது. அந்த மனிதரை உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கட்டிலில் கிடப்பவன் நோயாளி. தூக்கமருந்தை எடுத்துக் கரைத்தார்.

"வேண்டாம்," என்றார் சௌந்தரபாண்டியன். அவர் முகம் தெளிந்திருந்தது. "சுத்தல் நின்னு போச்சு. கையப் புடிச்சுக்கிட்டான்."

அவருடைய வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. அதை யாரும் தொடவில்லை. ஆனால் மணிக்கட்டின் சதை நான்கு இடத்தில் பள்ளமாக அமுங்கி, வெளுத்திருந்தது.

டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளங்கள் இன்னும் ஆழமாயின.

டாக்டர் மருந்துப் பெட்டியை விட்டுவிட்டு வெளியே ஓடினார். கிராம முன்சீப்பிடம் கேட்டதையெல்லாம் சொன்னார். விடிந்ததும் ஆளோடு போவதாக முன்சீப் சொன்னார். அய்யம்மாள் ஊருக்குள் தன் சொந்தக்காரி முத்துப்பேச்சி வீட்டில் தங்கிவிட்டாள்.

விடிந்து போய்ப் பார்த்தபோது கட்டில் காலி.

மலையடியில், அதே பாறைக்குக் கீழே கிடந்தார் சௌந்தரபாண்டியன். சுவரைப் பிடிக்காமல் ரெண்டு எட்டு வைக்க முடியாத மனிதர் அவ்வளவு தூரம் எப்படிப் போனார்? ஓடை மணலில் தடம் தெளிவாக இருந்தது. ஒரே ஆளின் கால்கள். தள்ளாட்டமே இல்லை. கோடு போட்டதுபோல் நேராகப் போயிருந்தன.

அய்யம்மாள் வ. புதுப்பட்டியில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டர் மறுபடியும் கொய்னாவைச் சரியான அளவில் கொடுக்கத் தொடங்கினார். ஆனால் யாராவது தலைசுற்றல் என்று வந்தால், கண்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை தன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொள்வார்.

தை மாதத்தில் ஒரு நாள், நல்ல உச்சிவெயிலில், அய்யம்மாள் அவருடைய ஆஸ்பத்திரிக்கு வந்தாள். உடம்பு தேறியிருந்தது. முகத்தில்கூட ஒரு களை.

"என்னம்மா செய்யுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரய்யா."

அவள் இடது கை உடம்பை விட்டுச் சற்று விலகி இருந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. அந்தக் கை மட்டும், நிற்க முடியாத யாரையோ பிடித்திருப்பதுபோல், இப்படியும் அப்படியும் ஆடியது.

"தம்பிக்குத்தான். அன்னிக்கு விழுந்ததுலேருந்து சுத்தல் நிக்கலையாம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலியைக் காட்டினார்.

அய்யம்மாள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது. அதன் பிரம்பு மெல்ல உள்வாங்கியது.