எதிர்ப்பக்கம் சுற்றிய கை

"இது எம்பட புள்ளையோட ஷூங்க," என்று சொல்லி, துணிப்பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள் அந்தப் பெண்.

ஐந்து வயதுக் குழந்தை போடும் கறுப்புப் பள்ளிக்கூட ஷூ. ஒற்றை ஷூ. அதன் நுனியில் பச்சை பெயிண்ட் கொஞ்சம் ஒட்டிக் காய்ந்திருந்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அந்த வீட்டுக்கு இப்படி யாராவது எதையாவது எடுத்துக்கொண்டு வருவது வழக்கம்தான். அந்தோணிமேரி முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். விபத்தில் நொறுங்கிய லாரிகளைச் சுற்றி வந்து, எது முதலில் உடைந்தது, எது பிறகு உடைந்தது என்று எழுதிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடவில்லை. கூடவே இருந்த நாத்தனார் டெபோராவும் விடவில்லை.

"அண்ணி, ரத்தமா இருக்குமோ?" என்றாள் டெபோரா, குனிந்து பார்த்து.

"பச்சையா ரத்தம் வருமா? நீ போய்த் தண்ணி கொண்டு வா. நீங்க சொல்லுங்கம்மா. மொதல்ல இருந்து."

அவள் பெயர் மைதிலி. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கணவன் கதிர்வேல் போர்வெல் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் போயிருக்கிறான். மழை பிடித்தால்தான் திரும்புவான். வீட்டில் அவள், மாமியார் வசந்தாமணி, மகள் நித்யஸ்ரீ. வீட்டை ஒட்டி அவளுடைய அப்பா சுப்பையனின் பட்டறை.

"அப்பா அங்கதானுங்க செத்துப்போனாரு. நாலு வருசமாச்சு. ஒரு ஞாயித்துக்கெழம பெரிய ஸ்பிரிங் ஒண்ண, ரெண்டு தாடையால இரும்பக் கவ்விப் பிடிக்கற வைஸ்ல வெச்சு அமுக்கிட்டு இருந்திருக்காரு. அது தெறிச்சு நெத்திப்பொட்டுல அடிச்சிருச்சு. நாந்தான் சாயங்காலம் போய்ப் பாத்தேன். தனியா வேல செஞ்சதால யாருக்கும் தெரியல."

பூட்டிக் கிடந்த பட்டறையை இந்த மாசிமாதம்தான் மைதிலி திறந்தாள். விசைத்தறிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கலாம் என்று எண்ணம். முதல் வேலையாக அந்தப் பழைய வைஸைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் துருவை இளக்கினாள். பழைய பெயிண்டைச் சுரண்டினாள்.

"மொத வாரம் ஒரு நாள் மத்தியானம் பட்டறைக்குப் போனா, வைஸ் இறுக்கமா மூடியிருக்குது. நடுவால எம்புள்ளையோட ரிப்பன். அடுத்த வாரம் அதோட பள்ளிக்கூட அடையாள அட்டை. அதுல போட்டோ இருக்குமில்லீங்க, அந்த மொகத்து மேலயே கடிச்சுட்டு இருந்துச்சு." மேசைமேல் இருந்ததைக் காட்டினாள். "நேத்திக்கு இந்த ஷூ. ஒத்தக் கால்ல ஷூ இல்லாமத்தான் புள்ள வந்துச்சு, தொலைச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"எல்லாமே மத்தியானமா?"

"ஆமாங்க. ஒரு மணிக்கு வேன் வந்து புள்ளைய எறக்கிவிடும். சோறூட்டித் தூங்கவெச்சுட்டு ரெண்டரைக்குத்தான் பட்டறைக்குத் திரும்புவேன். அந்த நேரத்துலதான் நடக்குது. கதவுக்கு வெறும் கொண்டிதானுங்க."

"நேத்து ஷூவும் வைஸ்ல கடிபட்டு இருந்துச்சா?"

"இல்லீங்க. அதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்குது. முன்தாடை மொத்தமா கழண்டு கீழ விழுந்து கெடந்துச்சு. ஷூ மேசைமேல."

டெபோரா தண்ணீரை நீட்டினாள். மைதிலி குடிக்கவில்லை.

"எங்கப்பா இடதுகைக்காரருங்க. தாடைய இழுத்து மூடற பழைய மரைத்தண்டு தேஞ்சுபோனதும், சாகறதுக்கு ஆறு மாசம் முன்னாடி, அவரே லேத்துல இடமரையா ஒண்ணு வெட்டி மாட்டுனாரு. ஊர்ல இருக்கற வைஸெல்லாம் வலப்பக்கம் சுத்துனா மூடும். இது மட்டும் இடப்பக்கம் சுத்துனா மூடும். அதுவும் துருப்பிடிச்சுப் போச்சுன்னு, இந்தத் திங்கக்கெழமதான் சாதாரண வலமரை போட்டேன். நேத்து பெயிண்ட் அடிக்கறதுக்காகத் தாடைய கடைசி வரைக்கும் வெளிய இழுத்து வெச்சிருந்தேன். ரெண்டு சுத்து மரைதான் பிடிச்சிருந்துச்சு. நானே எண்ணி விட்டதுங்க. யாரோ கைப்பிடிய இடப்பக்கமா சுழட்டியிருக்காங்க. மூடுதுன்னு நெனச்சு."

"அதாவது..."

"இடப்பக்கமா சுத்தி மூடிப் பழகுன கை எங்கப்பாவோடது மட்டுந்தானுங்க." அவள் குரல் கீழே போயிற்று. "பாப்பா கேக்குது, 'தாத்தாவுக்கு என் ரிப்பன் எதுக்கும்மா?'ன்னு. சனிக்கெழம ஊட்டக் காலி பண்ணிட்டுப் போயிரலாம்னு இருக்கேன். எம்புள்ள எனக்கு வேணுங்க."

அந்தோணிமேரி ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னிக்கு வியாழன். சனிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கு. வண்டி எடு டெபோரா."

* * *

பட்டறை வாசலில் வசந்தாமணி நின்றிருந்தாள். வந்தவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவும் இல்லை.

"செத்தவர் சாமானத் தொட்டா சும்மா இருப்பாரா? நான் அன்னிக்கே சொன்னேன். புது மரைத்தண்டு மாட்டுன அன்னிக்காவது கேளு, சம்பந்தி கையால வெட்டுனத கழட்டிப் போடாதன்னேன். கேட்டாளா? கடைசில நாந்தான் புதுசுக்குக் குங்குமம் வெச்சேன்."

"நீங்க வைஸை எப்பவாவது சுத்தியிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள் டெபோரா, கண்ணைச் சுருக்கி.

"எனக்கென்ன வேற வேலையில்லையா? எம்பேத்தி ரிப்பனத் திருடி இரும்புல சொருகறதுக்கு நானென்ன கிறுக்கியா?"

டெபோரா அண்ணியின் காதருகே போனாள். "இந்தம்மாதான். இவளுக்குப் பட்டறையே பிடிக்கல."

"இரு."

உள்ளே வைஸின் பெரிய பாகம் மேசையில் பூட்டியபடியே இருந்தது. பளபளக்கும் பச்சை. கீழே சிமெண்டுத் தரையில் முன்தாடை. டெபோரா தூக்கப் பார்த்து, "அம்மாடி!" என்று விட்டுவிட்டாள். அதன் கீழ்முனை ஒன்றில் மட்டும் பெயிண்ட் வழித்தெடுக்கப்பட்டு, இரும்பு தெரிந்தது.

அந்தோணிமேரி முழங்காலில் உட்கார்ந்து தரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதைத் தொடைச்சீங்களா மைதிலி?"

"இல்லீங்க. கிட்டவே போகல."

"ஈரப் பெயிண்டோட பன்னெண்டு கிலோ இரும்பு விழுந்திருக்கு. பெயிண்ட் வழிச்சுக்கிட்டுப் போயிருக்கு. ஆனா தரையில ஒரு சொட்டு இல்ல." அவர் எழுந்தார். "சரி. இந்த மேசை இழுப்பறையில என்ன?"

மைதிலி திறந்தாள். டீக்கறை காய்ந்து ஒட்டிய கண்ணாடி டம்ளர்கள் இரண்டு.

"இதப் பாத்துட்டுத்தானுங்க எனக்குச் சந்தேகம் வந்துச்சு. தனியா வேல செஞ்ச மனுசனுக்கு ரெண்டு டம்ளர் எதுக்கு? அன்னிக்கு அப்பாகூட யாரோ இருந்திருக்காங்க. பாக்கறவங்ககிட்டயெல்லாம் கேட்டேன். வேன் நிக்கற எடத்துல, கடையில, எல்லார்கிட்டயும்."

"எப்போ கேட்டீங்க?"

"ரிப்பன் வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தி."

அந்தோணிமேரி தலையசைத்தார்.

அடுத்து அவர்கள் போனது, ஆட்டையாம்பட்டி கடைத்தெருவில் இருந்த கந்தப்பனின் லேத் பட்டறைக்கு. சுப்பையனிடம் பத்து வருடம் வேலை செய்து, அவர் சாவதற்கு ஒரு வருடம் முன்பே கோபித்துக்கொண்டு வெளியேறியவன்.

"ரோசக்காரருங்க அவரு. நானும் ரோசக்காரன். போயிட்டேன். இடமரை போட்டதே இந்தத் திங்கக்கெழம மைதிலி கொண்டாந்து காட்டுனப்பத்தான் எனக்குத் தெரியும். 'இதென்னடா கெரகம், தலைகீழா இருக்குது'ன்னு சிரிச்சேன். புதுசு வலமரையா நாந்தான் வெட்டிக் குடுத்தேன்."

திரும்பி வரும்போது பள்ளி வேன் வாசலில் நின்றது. ஓட்டுநர் வீரன், பக்கத்துத் தோட்டத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். குழந்தையைக் கைபிடித்து இறக்கிவிட்டார்.

"பாத்து எறங்கு சாமி." பிறகு மைதிலியிடம், "அம்மிணி, பேசாம போயிருங்க. புள்ள மொகத்தப் பாருங்க, வெளுத்துப் போச்சு. சனிக்கெழம சாமான் ஏத்த நானே வண்டி கொண்டாறேன்."

"நீங்க சுப்பையனுக்கு உதவியா இருந்திருக்கீங்களா?" என்றார் அந்தோணிமேரி.

"நானுங்களா? அவரு இருந்த வரைக்கும் வரப்புத் தகராறுங்க. ரெண்டூட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அந்தப் பட்டறைக்குள்ள இன்னைக்கு வரைக்கும் காலே வெச்சதில்ல."

அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. பங்குனி வெயிலில் எல்லார் நெற்றியிலும்தான் வழிந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். காலில் கான்வாஸ் ஷூ, சாக்ஸ். வேனில் ஏறும்போது வலதுகாலை முதலில் வைக்காமல், இடதுகாலை ஊன்றித் தாவி ஏறினார்.

குழந்தை அம்மாவின் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு பட்டறைக் கதவைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"மைதிலி," என்றார் அந்தோணிமேரி. "இன்னிக்குப் பாப்பாவை உங்க பக்கத்துலயே வெச்சுக்குங்க. நாளைக்கு வெள்ளி. பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம். வைஸைத் திரும்பப் பூட்டி, அதுக்கு ஒரு பூஜை போடுங்க. உங்க மாமியார், கந்தப்பன், வீரன், மூணு பேரையும் கூப்பிடுங்க."

"அண்ணி, நாம கோயிலுக்குப் போறவங்களா, சர்ச்சுக்குப் போறவங்களா?" என்றாள் டெபோரா, வண்டியில் ஏறியதும்.

"பூஜை அவங்களுக்கு. எனக்கு வேண்டியது வேற."

* * *

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வைஸ் முழுதாகப் பூட்டப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சை சுற்றி இருந்தது. பட்டறை வாசலில் செருப்புகள் கிடந்தன. வசந்தாமணி உள்ளே போனாள். கந்தப்பன் வாசலில் செருப்பை உதறிவிட்டுப் போனான். அந்தோணிமேரியும் டெபோராவும் கழற்றினார்கள்.

வீரன் வாசற்படியிலேயே நின்றார்.

"வாங்க," என்றாள் மைதிலி.

"பரவால்லைங்க அம்மிணி. இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்."

"ஷூவக் கழட்டிட்டு உள்ள வாப்பா வீரா," என்றாள் வசந்தாமணி. "சாமி காரியத்துக்கு இதென்ன வாசல்ல நிக்கறது?"

"நேரமாச்சுங்க, வேன் எடுக்கோணும்..."

"எந்த வேனு? புள்ளைங்கள எறக்கிட்டுத்தான வந்த?"

வீரன் வேன் பக்கம் திரும்பினார். அந்தோணிமேரி கற்பூரத் தட்டை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"வைஸோட கைப்பிடியைச் சுத்துனது செத்தவர் இல்ல. செத்தவருக்குக் கால் வலிக்காது. புதன்கிழமை மத்தியானம் இங்க வந்தவர் கைப்பிடியை இடப்பக்கமா ஒரே சுழட்டு சுழட்டினார். தாடை கழண்டு அவர் பாதத்துல விழுந்துச்சு. அதான் தரையில பெயிண்ட் இல்ல. பெயிண்ட் அவரோட போயிருச்சு."

"அப்ப யாரு?" என்றான் கந்தப்பன்.

"பழைய வைஸ்ல கைபழகாதவங்க வலப்பக்கம் சுத்தியிருப்பாங்க. அது ஒழுங்கா மூடியிருக்கும். இடப்பக்கம் சுத்தறது, இடமரையில பழகின கை. அதேநேரம் திங்கக்கிழமை மரைத்தண்டு மாறுனது தெரியாத ஆளு. கந்தப்பன், மாறுனது உங்களுக்குத் தெரியும், வெட்டுனதே நீங்க. வசந்தாமணியம்மா, உங்களுக்கும் தெரியும், குங்குமம் வெச்சீங்க. ரிப்பன், அட்டை, ஷூ. மூணும் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வேன்ல திரும்பி வர்ற பொருள். வீட்டுல இருக்கற பொம்மை ஒண்ணுகூட வரல." அவர் வாசலைப் பார்த்தார். "இந்த வெயில்ல வேட்டிக்குக் கீழ ஷூ போடறவரும் ஒருத்தர்தான். கழட்டுங்க வீரன்."

டெபோரா அதற்குள் வாசலுக்கும் வேனுக்கும் நடுவில் போய் நின்றிருந்தாள்.

வீரன் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்ற வெகுநேரமாயிற்று. வலதுகால் கட்டைவிரல் கறுத்து வீங்கியிருந்தது. நகத்தோரத்தில் பச்சை.

வசந்தாமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"பேச்சுவார்த்தை இல்லாத ஊடு," என்றார் வீரன், யாரையும் பார்க்காமல். "ஆனா அவருக்கு ஆள் வேணும், எனக்குத் தொழில் கத்துக்கோணும். ஞாயித்துக்கெழம பின்பக்கமா வருவேன். டீ போட்டுக் குடுப்பாரு. எங்க பெரியவங்களுக்குத் தெரிஞ்சா வெட்டுக்குத்து ஆயிரும்னு ரெண்டு பேருமே வெளிய சொல்லல."

"அன்னிக்கு?" என்றாள் மைதிலி.

"ஸ்பிரிங்க அமுக்கி வெச்சுட்டு, அவரு குனிஞ்சு கம்பி கட்டிட்டு இருந்தாரு. 'இன்னும் ஒரு சுத்து இறுக்குடா'ன்னாரு. எப்பவும் கவனமாத்தான் இருப்பேன். அன்னிக்கு மறந்துட்டேன். ஊர்ல எல்லா வைஸையும் சுத்தற மாதிரி வலப்பக்கம் சுத்திட்டேன். இறுகறதுக்குப் பதிலா வுட்டுருச்சு." அவர் தன் வலதுகையைப் பார்த்தார். "அன்னையிலிருந்து கனவுல நான் இடப்பக்கமாத்தானுங்க சுத்தறேன். நாலு வருசமா. அந்தக் கை இனி வலப்பக்கம் போகாது."

"அது விபத்து," என்றார் அந்தோணிமேரி. "அன்னிக்கே சொல்லியிருந்தா விபத்து. ஒரு குழந்தையோட முகத்தை இரும்புல வெச்சு நசுக்குனது விபத்து இல்ல."

"புள்ளைய ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேனுங்க! அம்மிணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அப்பாகூட யாரு இருந்தான்னு. அவங்க ஊரவுட்டுப் போயிட்டா போதும்னு..."

மைதிலி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஓடும்போது எங்கப்பா உசுரோட இருந்தாரா?"

கற்பூரம் அணைந்துபோயிற்று.

"இருந்தாருங்க."

"பேசுனாரா?"

"தண்ணி கேட்டாருங்க," என்றார் வீரன்.

மைதிலி கதவுப் பக்கம் கையை நீட்டினாள்.

"தண்ணிக் கொடம் அப்பவும் அங்கதான் இருந்துச்சு. அந்தக் கதவோரத்துல. நீங்க அதத் தாண்டித்தான் ஓடியிருப்பீங்க."

போலீஸ் வரும்வரை கந்தப்பன் வாசலில் நின்றான். வேன் சாவியை அந்தோணிமேரி வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாமான் ஏற்ற வண்டி எதுவும் வரவில்லை. டெபோரா, ஷூவைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் எட்டிப் பார்க்கப் போனாள். மைதிலி சின்னத் தூரிகையால் வைஸின் முகப்பில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். குழந்தை மேசையில் உட்கார்ந்து பெயிண்ட் டப்பாவைப் பிடித்திருந்தது.

"என்னம்மா அது?"

சிவப்பில் ஒரு அம்புக்குறி. கைப்பிடிக்கு மேலே, வலப்பக்கமாக வளைந்து போனது.

"இறுக்கறதுன்னா எந்தப் பக்கம்னு," என்றாள் மைதிலி, தலையைத் திருப்பாமல். "அப்பா இத வரைஞ்சு வெக்கலீங்க."