தட்டில் துடித்த இதயம்

வீட்டில் எல்லோரும் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, கேள்விகளோ குத்தும்.

அன்று அரைநாள்தான் பள்ளி. அம்மா வரும்வரை சித்தி வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இருக்கச் சொன்னார்கள். சன்னல் இல்லாத அறை. வெளியே இருந்து சத்தம் எதுவும் உள்ளே வராது. எதையும் தொடக் கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு, சித்தி நுண்ணோக்கியின் திரையைக் காட்டினாள்.

சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது. குண்டூசி திரைக்குக் கிட்டப் போனாள். கண்ணாடித் தட்டில், உடம்பே இல்லாமல், ஓர் இதயத் துணுக்கு துடித்துக்கொண்டிருந்தது.

"இது யாரோடது, சித்தி?"

"உன் வயசுப் பையன் ஒருத்தனோடது. அவன் தோல்ல இருந்து துளியூண்டு எடுத்து, இதயத் தசையா மாத்தி வளர்த்தோம். அவன் வீட்டுல இருக்கான்."

"இது இங்க துடிக்கிறது அவனுக்குத் தெரியுமா?"

"சொல்லியிருக்கோம். ஆனா இது துடிக்கிறது அவன் உடம்புல தெரியாது."

இதயத் தசைக்குள் புரத இழைகள் இருக்கின்றன என்றாள் சித்தி. தடித்த இழைக்குக் குட்டிக் குட்டிக் கைகள். அவை மெல்லிய இழையைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். கிணற்றில் வாளி இழுப்பதுபோல. அப்போதுதான் இதயம் சுருங்கும். அந்தப் பையனுக்கு ஒரு புரதம் சரியாக அமையவில்லை. எந்த மருந்து உதவும் என்று இந்தத் துணுக்கில்தான் பார்க்க வேண்டும். ஆறு வாரமாக வளர்த்தது.

தொலைபேசி அழைக்க, சித்தி வெளியே போனாள்.

குண்டூசி துடிப்புகளை எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு நாற்பது. அடுத்த நிமிடம் இருபத்தைந்து. அப்புறம் பத்து. பிறகு திரை அசையவே இல்லை.

அறையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தாள். தானும் போய்விட்டால் அது தனியாகக் கிடக்குமே என்று தோன்றியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிலும் உற்றுப் பார்த்தாள்.

சித்தி திரும்பி வந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் தொங்கிப்போனது. "போயிடுச்சு. இந்த வாரத்துல இது மூணாவது," என்று கழிவுப் பெட்டியைத் திறந்தாள்.

"சித்தி, கொஞ்சம் இருங்க. அது ஒரேடியா நிக்கல, மெல்ல மெல்லத்தான் நின்னுச்சு. எல்லா மெஷின்லயும் லைட் எரியுது. தட்டுக்கு அடியில இருக்கிற இதுல மட்டும் எரியல. குளிர்ல விறைச்சுப் போச்சோ?"

சித்தி குனிந்து பார்த்தாள். தட்டுக்குச் சூடு தரும் கருவியின் வயர் கழன்று தொங்கியது. குளிர்ந்தால் அந்தக் குட்டிக் கைகள் சோர்ந்துவிடும் என்று முணுமுணுத்தபடி வயரைச் செருகினாள்.

ஐந்து நிமிடம் போயிற்று. ஒன்றுமில்லை. பத்து நிமிடம்.

துணுக்கின் ஒரு மூலை மட்டும் வெடுக்கென்று இழுத்தது. எதிர் மூலை தன்பாட்டுக்கு இழுத்தது. இருட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தேடுவதுபோல் இருந்தது. கடைசியில் எல்லாம் சேர்ந்து, ஒன்றாகச் சுருங்கி விரிந்தன. பேயறைந்தவள்போல் நின்றது சித்திதான்.

அவள் குறிப்பேட்டைக் குண்டூசியின் பக்கம் நகர்த்தினாள். "மணி என்னன்னு நீயே எழுது."

'3.40. மறுபடி துடித்தது' என்று எழுதினாள் குண்டூசி. அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது. சித்தி அதைத் திருத்தவில்லை.