முப்பது மில்லி

அவள் இடப்பக்கம் திரும்பிப் படுத்த பிறகுதான், வயிற்றுக்குள் இருந்த தண்ணீர் திரும்பிப் படுத்தது. அரைக்குடத்தைச் சாய்த்தால் கேட்குமே, அந்தச் சத்தத்தோடு. முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. இரட்டைக் குழந்தைகளைச் சுமந்து தொங்கிப்போன வயிற்றை வெட்டி இறுக்கித் தைத்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் கழிப்பறைக்குக் கூன் போட்டுத்தான் போகிறாள். இதில் இது வேறு.

தையலுக்குக் கீழே இரண்டு குழாய்கள் இருந்தவரை, அதில் வடியும் நீரைக் காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுத வேண்டியிருந்தது. "ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழ வந்தாதான் குழாய எடுப்போம்" என்று நர்ஸ் கறாராகச் சொல்லியிருந்தாள். இவளோ அரை மதிப்பெண்ணுக்கு மாணவர்களைக் கெஞ்ச வைக்கும் கணக்கு டீச்சர். ஆனால் குழாயோடு தூங்கி எழுந்து வெறுத்துப்போயிருந்தாள், விடுப்பும் தீர்ந்துகொண்டிருந்தது. எண்பது வந்த நாளில் இருபத்தெட்டு என்று எழுதினாள். மறுநாள் இருபத்தாறு. டாக்டர் நோட்டைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் குழாய்களை உருவினார். கணவனிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை.

நேற்று நர்ஸ் போனில் கேட்டாள்.

"வயிறு எங்கயாவது உப்பியிருக்காம்மா? தண்ணி கட்டியிருந்தா ஊசி போட்டு உறிஞ்சிடலாம். விட்டுட்டா சீழ் பிடிச்சுக்கும்."

"அதெல்லாம் இல்ல சிஸ்டர்."

போனால் நோட்டை எடுத்துப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பார்கள் என்ற வெட்கம்தான் அப்படிச் சொல்ல வைத்தது.

பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாகக் கசிந்து கட்டிலின் கால்மாட்டில் கிடக்க, வயிற்றைச் சுற்றி இறுக்கக் கட்டிய பெல்ட்டின் வியர்வை நாற்றமும் மருந்துத் துணியின் நெடியும் அறையை நிறைக்க, எங்கோ பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தபின், அவளுக்கு உள்ளே இருப்பது மட்டும் கேட்டது. வலப்பக்கம் திரும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தளக். இடப்பக்கம் திரும்பினாள். ஒன்று, இரண்டு. தளக். பழக்கதோஷம், எண்ணாமல் இருக்க முடியவில்லை. மறுபடி திரும்பினாள். ஒன்று. தளக்.

அடுத்த முறை அவளும் அதுவும் சேர்ந்தே திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு அவள் அசையவில்லை. மல்லாந்து, கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள். இப்போது உண்மையாகவே பயந்தாள்.

நாத்தனார் தண்ணீர்க் குவளையோடு எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"போலாம்மா. இப்பவே போலாம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், அந்த நோட்டுல நான்..."

"வழியில சொல்லுங்க. வண்டிக்குச் சொல்லிட்டு வந்துடறேன்."

சொல்லிவிடலாம். திட்டட்டும், சிரிக்கட்டும், மானம் போகட்டும். உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தது. எழுந்து உட்காரக் கையை ஊன்றினாள்.

தளக்.

அவள் திரும்பவில்லை. வயிறுதான் திரும்பியது. சுவர்ப்பக்கமாக.

பெல்ட் முறுகியது. இடுப்பு அதன் பின்னாலேயே போனது. ஊன்றிய கை வழுக்கியது. தோள். கழுத்து. கடைசியாக முகம். வாய் தலையணைக்குள் அழுந்தியது. கூப்பிட்டாள். குரல் பஞ்சுக்குள்ளேயே நின்றது.

செருப்புச் சத்தம். வாசலில் நின்றது.

"அட, அதுக்குள்ள அசந்துட்டாங்களே" என்றாள் நாத்தனார் தாழ்ந்த குரலில், போனில் யாரிடமோ. "வண்டி வேண்டாம்ப்பா. நல்லாத் தூங்கறாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டது.

சுவருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அவள் கண்கள் திறந்தே இருந்தன. கீழே, வயிறு வசதியாக ஒருமுறை அசைந்து கொடுத்தது. பிறகு அவளுடைய முழங்கால்களை, ஒன்றன்பின் ஒன்றாக, தன் பக்கம் இழுத்து மடக்கி வைத்துக்கொண்டது.