சிவப்புக் கத்திக்கு எந்த இடம்?

"வீல்...!"

அந்த அலறல் முதலியார்பேட்டை மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. மணி மத்தியானம் இரண்டு.

அலறியவள் சுமலதா. ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி ஒன்றின் பேக்கரி டீச்சர். சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக் கிச்சனுக்குள் வந்தவள், காய்கறி மேஜையின் அடியில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள்.

செஃப் ரிச்சர்ட்!

மல்லாந்து கிடந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டில் வெள்ளை பாதிதான் மிச்சம்.

பிரான்ஸில் பன்னிரண்டு வருடம் சமைத்தவர். திரும்பி வந்து மூன்று வருடமாக மாணவர்களை வறுத்தெடுத்தவர். அவருக்காக அழ அந்தக் கட்டடத்தில் ஒரு ஜீவன் இல்லை.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் சிவசங்கரி வந்தார். பின்னாலேயே, சிவப்புத் தொப்பியும் தொப்பையுமாகக் கான்ஸ்டபிள் தெய்வசிகாமணி.

"கத்திக் குத்துதான் மேடம். ஆனா கத்தியைக் காணோம்!"

"கிச்சன்ல நின்னுகிட்டு கத்தியைக் காணோம்னு சொல்ற முதல் ஆளு நீங்கதான்."

சுவரில் ஆறு துளைகள் உள்ள மரத் தாங்கி. ஐந்து கத்திகள் அதில் நின்றன. ஆறாவது, பச்சைக் கைப்பிடி போட்டது, மேஜை மேல் பாதி நறுக்கிய கோஸுக்குப் பக்கத்தில் கிடந்தது.

சிவசங்கரி கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உருவினார். கடைசித் துளையில் இருந்தது சிவப்புக் கைப்பிடி. அது மட்டும் ஈரம்! கைப்பிடி இடுக்கில் மெல்லியதாக ஒரு கருஞ்சிவப்புக் கோடு.

"குத்திட்டு... கழுவி... எடுத்த இடத்துலயே வச்சிருக்கான். நல்ல வளர்ப்பு!"

சுமலதா கிட்டே வந்து சொன்னாள். "ஒவ்வொரு கலரும் ஒவ்வொண்ணுக்கு மேடம். சமைக்காத கறிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை. மாத்தி எடுத்தா பிரின்சிபால் கொன்னே..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சிவப்போட இடம் எது?"

"எப்பவும் முதல் துளைதான் மேடம். நான் சேர்ந்த நாள்லேர்ந்து."

"ஆனா கடைசில இருந்துச்சே?"

சுமலதா தாங்கியைத் திரும்பிப் பார்த்தாள். சிவசங்கரி குனிந்து, ரிச்சர்டின் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். படித்தார். அவர் புருவம் உயர்ந்தது.

"இந்தக் கடைசித் துளை விஷயம் உங்க வாயிலேர்ந்து வெளிய வந்துச்சு... அடுத்த கேக்கு ஜெயில்லதான் சுடுவீங்க!"

"மோன் தியூ! கடவுளே!"

வாசலில் பிரின்சிபால் லூயிஸ். கோட்டு, டை, மூக்கை மூடிய கைக்குட்டை. வாசற்படியைத் தாண்டவில்லை.

"யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும் மேடம்! கமலக்கண்ணன்... தேர்ட் இயர் தறுதலை! ஒண்ணேகாலுக்கு ரிச்சர்ட் அவன் சர்டிபிகேட்டைக் கிழிச்சுப் போட்டாரு. ரெண்டு பேரும் கத்தினது மாடியில என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

"நீங்க இறங்கி வரல?"

"காலையில பத்து மணிக்கு கிச்சனை செக் பண்ணேன். அதோட சரி. அப்புறம் காலே வைக்கல. இப்பவும் வைக்க மாட்டேன், ரத்தம்னா எனக்கு ஆகாது."

அவர் நின்ற இடத்திலிருந்து கத்தித் தாங்கி தெரியாது. நடுவில் ஒரு தூண் மறைத்தது. சிவசங்கரி அதையும் பார்த்து வைத்துக்கொண்டார்.

சாயங்காலம். ஸ்டேஷன்.

கமலக்கண்ணனுக்கு இருபத்தொரு வயது. திண்டிவனம் பக்கத்துக் கிராமம். அரியாங்குப்பத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவனை, துணி மூட்டையோடு அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"நான் இல்ல மேடம்!"

"அப்ப மூட்டை எதுக்கு?"

"திங்கக்கிழமை கொச்சியில கப்பல் ஏறணும். கிச்சன் வேலை. ட்ரெயினிங் சர்டிபிகேட் இல்லன்னா ஏத்த மாட்டாங்க. செஃப் கால்ல விழுந்தேன். எட்டி உதைச்சாரு மேடம். அழுதுகிட்டே ஓடியாந்துட்டேன்."

"ஏன் கிழிச்சாரு?"

கமலக்கண்ணன் மூட்டையின் முடிச்சைத் திருகினான்.

"கேக்கறேன்ல?"

"தெரியாது."

பொய்! அவன் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. ஒரு கன்னம் மட்டும் கூடுதலாக வீங்கியிருந்தது.

"கன்னத்துல என்ன? யார் அடிச்சா?"

"அதோ... அந்தப் பச்சைத் தொப்பிக்காரர்தான்."

தெய்வசிகாமணி தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சிவப்பு!

"கொழுப்பைப் பாத்தீங்களா மேடம்! யூனிஃபார்மையே நக்கல் பண்றான்! இன்னொண்ணு விட்டா..."

"கையை இறக்குங்க."

சிவசங்கரி நோட்டை மறுபடி திறந்தார். ஒரு வரியை இரண்டு முறை படித்தார்.

"காலையில இவனைக் கிச்சனுக்குக் கூட்டிட்டு வாங்க. வரும்போது ஒரு ஆப்பிள் வாங்கிக்குங்க."

"எதுக்கு மேடம்?"

"பசிக்கும்."

மறுநாள் காலை பத்து மணி. கிச்சனைக் கழுவி விட்டிருந்தார்கள். ஆறு கத்திகளும் போலீஸ் வசம். சுவரில் வெறும் துளைகள். ஆறும் ஒரே மாதிரி, பெயரும் இல்லை, நிறமும் இல்லை.

சுமலதா ஒரு மூலையில். லூயிஸ் நடுவில், கடுகு போட்டால் பொரியும் முகத்தோடு.

"எத்தனை நாள் மேடம் காலேஜை மூடி வைப்பீங்க? கொலைகாரன் எதிர்லயே நிக்கறான்!"

"ரெண்டே நிமிஷம். டேய், இந்தா."

ஸ்டோரிலிருந்து எடுத்த புதுச் சிவப்புக் கத்தி. கமலக்கண்ணன் வாங்கினான்.

"கறி வெட்டற கத்தி அது. அதோட இடத்துல வை."

அவன் யோசிக்கவே இல்லை. நேராகப் போய் முதல் துளையில் செருகினான்.

"அவ்வளவுதானா?" லூயிஸ் இளித்தார். "இதுக்குப் பேரு விசாரணையா? பிரான்ஸ்ல, லியோன்ல நான் படிக்கிறப்ப..."

சரக்!

தெய்வசிகாமணி அந்தக் கத்தியை உருவி, கறி வெட்டும் சிவப்புப் பலகையில் ஆப்பிளை வைத்து இரண்டாக வெட்டினார். ஒரு துண்டை வாயில் போட்டார். கத்தியைத் தன் காக்கி பேன்ட்டில் துடைத்தார். மூன்றாவது துளையில் சொருகினார்.

லூயிஸின் முகம் கோணியது.

"ஏய்! மாடு மேய்க்கிறவனா நீ? கறிப் பலகையில பழமா? கத்தியை எங்கடா வைக்கிற?"

பாய்ந்தார். கத்தியைப் பிடுங்கினார். குழாயைத் திறந்து கழுவினார். உதறினார். விறுவிறுவென நடந்து...

கடைசித் துளையில் செருகினார்!

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நன்றி பிரின்சிபால் சார்." சிவசங்கரி குழாயை மூடினார். "சுமலதா, சிவப்போட இடம் எது?"

"மு... முதல் துளை மேடம்."

லூயிஸின் கை அந்தரத்தில் நின்றது.

"காலையில பத்து மணிக்கு நீங்க வந்தப்பவும் அதான் இடம். கேளுங்க, ரிச்சர்ட் என்ன எழுதியிருக்காருன்னு. 'ஒரு மணி. கத்தி வரிசையை மாத்திட்டேன். சிவப்பு கடைசி. கமலக்கண்ணனுக்குச் சிவப்பு, பச்சை தெரியல. இடத்தை மனப்பாடம் பண்ணி ஏமாத்தறான். நாளைக்கு எக்ஸாம்ல பிடிக்கிறேன்.' ஒரு மணிக்கு மாத்தினது ரெண்டு மணிக்குப் பொணத்துக்கும் கொலைகாரனுக்கும்தான் தெரியும்!"

"இவனும் ஒண்ணேகாலுக்கு வந்தானே!"

"வந்தான். மாறினது அவன் கண்ணுக்குத் தெரியவே இல்ல. அதான் இப்பவும் பழைய இடத்துல வச்சான். நீங்கதான் சரியா வச்சீங்க."

"இது... இது ஒரு பழக்கதோஷம்..."

"அதேதான். எடுத்த இடத்துலயே திருப்பி வைக்கிற பழக்கம். மேஜை மேல பச்சைக் கத்தி கைக்கு எட்டற மாதிரி கிடக்கு. ஆத்திரத்துல எவனா இருந்தாலும் அதைத்தான் எடுப்பான். நீங்க அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய் சிவப்பை எடுத்திருக்கீங்க. காய்கறிக் கத்தியால கறியை வெட்ட உங்க மனசு ஒப்பல!"

லூயிஸ் வியர்த்தார்.

"நோட்டுல அடுத்த பக்கமும் இருக்கு. 'லியோன்லேர்ந்து பதில் வந்திடுச்சு. லூயிஸ்னு எவனும் அங்க படிக்கல. மத்தியானம் பேசறேன்.' பேசினாரா?"

"சிரிச்சான் மேடம்!" லூயிஸ் வெடித்தார். "நான் கெஞ்சக் கெஞ்ச கோஸை நறுக்கிகிட்டே சிரிச்சான்! பதினெட்டு வருஷமா இந்தக் கிச்சனை ஈ மொய்க்காம வச்சிருக்கேன். சுவத்துல மாட்டின ஒரு காகிதம் பொய்யின்னா நான் செஞ்சதெல்லாம் பொய்யா?"

"சுத்தம் நிஜம்தான் சார். அதான் மாட்டிகிட்டீங்க."

விலங்கு பூட்டப்பட்டது. அதையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மாட்டச் சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை.

கமலக்கண்ணன் மட்டும் நகராமல் நின்றான்.

"இன்னும் என்னடா?"

"புது சர்டிபிகேட்ல செஃப்பும் பிரின்சிபாலும் கையெழுத்து போடணும் மேடம். ஒருத்தர் மார்ச்சுவரியில... ஒருத்தர் ஜீப்புல. என் கப்பல் போயிடும் மேடம்!"

சிவசங்கரி சுமலதா பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா! செஃப்புக்குப் பதிலா நீங்க போடலாமில்ல?"

சுமலதா அவசரமாகத் தலையாட்டினாள்.

"பிரின்சிபால் இன்னும் டிஸ்மிஸ் ஆகல. ஜீப்பு கிளம்பறதுக்குள்ள ஓடு. என் பேனாவை எடுத்துக்க."

"நேத்தே கண்ணு விஷயத்தைச் சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு ராத்திரி லாக்கப் மிச்சமாயிருக்குமேடா?" என்றார் தெய்வசிகாமணி.

"சொன்னா கிச்சன்ல யார் சார் வேலை கொடுப்பா?"

ஓடினான். விலங்கு மாட்டிய கை போட்ட கோணல் கையெழுத்தோடு திரும்பி வந்தான். முகமெல்லாம் பல்.

"போய்ட்டு வரேன் மேடம்! ரூமைக் காலி பண்ணணும். பைக்கு வெளியதான் நிக்குது. மரப்பாலம் சிக்னல் தாண்டினா பத்தே நிமிஷம்..."

சிவசங்கரி சடாரென்று கையை நீட்டினார்.

"சாவியைக் கொடு! பஸ்ல போ. ஒரு கொலையிலேர்ந்துதான்டா உன்னைக் காப்பாத்த முடியும்... அந்த சிக்னல்ல நீ பண்ணப்போற பத்துக்கு நான் பொறுப்பில்ல!"