வலது கடைவாய்

வலது பக்கம் மென்ற சோறு யுவராணியின் தொண்டைக்கு வந்து சேரவில்லை. மென்றாள், குழம்பின் காரம் நாக்கில் ஏறியது, விழுங்கப் போனால் வாயில் ஒன்றுமில்லை. அடுத்த கவளத்தை இடது பக்கம் ஒதுக்கினாள். அது ஒழுங்காக இறங்கியது.

"யோவ், சொத்தப்பல்லை அடைச்சதுலேர்ந்து இப்டித்தான் கீது. துன்றது எங்க போவுதுன்னே தெர்ல."

கணவன் அழகேசன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஊசி போட்டாங்கல்ல, மரத்துகினு கீது. நீயே முழுங்கிட்டு நீயே கத்தினுகீற."

அந்தத் தட்டைப் பிடுங்கி வீச வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிறது. வாரம் முழுக்க இதே பதில். கம்பெனியில் பக்கத்து மெஷினில் நிற்கும் ரேகாவும் சிரிக்கத்தான் செய்தாள்.

இனி வலது பக்கம் மெல்லுவதே இல்லை என்று வீம்பாக நிறுத்தினாள். அப்போதுதான் சத்தம் ஆரம்பித்தது. வீட்டையொட்டிய அண்ணனூர் ஷெட்டுக்குள் நுழையும் ரயில்களின் கிறீச்சிடல் அடங்குகிற இடைவெளியில், அடைத்த பல்லுக்குள்ளிருந்து, சின்னதாய், ஈரமாய், எதையோ தேடி நக்குவது போன்ற ஒலி. கூடவே, அடைத்த மருந்தின் கிராம்பு வாசத்தையும் மீறிக்கொண்டு, மாற்றாத மீன்தொட்டித் தண்ணீரின் நாற்றம். மறுநாள் கன்னத்தின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பார்த்தாள். சதையில் ஒரு குழி. ரத்தமில்லை. வலியில்லை.

வேலை முடிந்த கையோடு, பல் அடைத்த கிளினிக்குக்குள் புகுந்தாள்.

"ஃபில்லிங் நல்லாத்தான்மா இருக்கு," என்றார் டாக்டர் ஸ்ரீநாத். "தூக்கத்துல நீங்களே கன்னத்தைக் கடிச்சுக்கிறீங்க. ரொம்ப பயப்படுறீங்க."

"நானா கடிச்சிகினேன்? உன் ஊட்டுப் பொம்பளைங்களாண்ட இப்டி சொல்லுவியா சார்? எடு அத்த. இப்பவே தோண்டி எடு!"

பெருமூச்சு விட்டு நாற்காலியைச் சாய்த்தார். விளக்கு முகத்தில் விழுந்தது. டிரில் இரைந்தது, பல் கருகும் வாடை மூக்கில் ஏறியது. திடீரென்று டிரில் நின்றது.

"நான் இவ்வளவு ஆழமாத் தோண்டலையே..."

"ஆங்?"

"அசையாதீங்கம்மா."

அவள் அசையவில்லை. கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கோபம் அடங்காமல், வாயை அகலத் திறந்தே வைத்திருந்தாள். அவர் சுட்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார்.

நறுக்.

கையை இழுத்துக்கொண்டார். கையுறையின் நுனி இல்லை. நுனிக்குள் இருந்த விரலும் இல்லை. ரத்தமில்லை. அவர் அலறக்கூட இல்லை. வெட்டுப்பட்டதையே வெறித்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

யுவராணி கத்தப் பார்த்தாள். வாயை மூடலாம். மூடினால்?

மூடவில்லை.

வெளிச்சத்தில் விரியத் திறந்த வாய். அசையாத தாடை. உள்ளே, வலது பக்கம், நிதானமாக மெல்லும் சத்தம்.

விழுங்கும் சத்தம்.

பிறகு, ஈரமாக, அது அவள் நாக்கின் வேரை நக்கத் தொடங்கியது.